மூன்று எழுத்து

தண்டர் பே தானியக் கிடங்கு. இரவு இரண்டேகால்.
வீட்டுச் சமையல் மேசையிலிருந்து
நாற்பதாம் வீலேனை டிரங்கில் ஏற்றினேன்.
'சேர்' என்பதற்கு அங்கே மூன்றே எழுத்து.
அடிக்க மறந்தேன்.

நாற்பது மட்டும் உள்ளே.
பத்து, இருபது, முப்பது எல்லாம் வாசலோடு சரி:
எடைமேடை, கேமரா, மேசைத் தொலைபேசி,
நான் நுழைந்த வழியும்.
கம்பி அறவில்லை. இரு சுவிட்சிலும் பச்சை விளக்கு,
பங்காளிகள் ஒரே பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

டார்லீன் கைபேசியில் வந்தாள்.
"மூணு கோதுமை லாரி நிக்குது. எடை பூஜ்யம்.
காத்தையா நிறுக்கிறேன்?"
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.

அப்போதுதான் உறைத்தது: நான் இன்னும் சேமிக்கவில்லை.

"மேலிருந்து ரெண்டாவது பெட்டி. பிளக்கைப் பிடுங்கு.
பத்து எண்ணிச் சொருகு."
எண்ணினாள். ஏழை இரண்டு முறை.

ஆறு நிமிடம் அவள் மூச்சுதான் கேட்டது.
பிறகு சுவிட்ச் எழுந்தது,
நான் செய்த எதையும் அறியாமல்.

"முதல் லாரி ஏறிடுச்சு," என்றாள், "நாப்பத்தோரு டன்."
வைத்துவிட்டாள்.

நாற்பதாம் வீலேன் இன்னும் வெளியேதான் நிற்கிறது.
தேநீர் ஆறிவிட்டது.
விரல் முதல் எழுத்தின் மேல்.