பி பக்கம், மூன்றாவது பாட்டு

எடைக்கு வந்த டூ-இன்-ஒன்னின் வாய்க்குள்
சிக்கியிருந்தது அந்தக் கேசட்.

கொருக்குப்பேட்டையில் என் கடைக்கு
வயிறு கிழிந்த சாமான்கள்தான் வரும்.
செம்பைப் பிரிப்பேன், பித்தளையைப் பிரிப்பேன்,
மிச்சத்தைக் கிலோ பதினெட்டுக்குத் தள்ளிவிடுவேன்.
இதை மட்டும் ஏன் தராசிலிருந்து எடுத்தேனோ.

டூ-இன்-ஒன்னோடு ரப்பர் பேண்டில் கட்டிய உறை.
அட்டையில் நெல்வயல்.
வயலுக்கு நடுவே, வேறெங்கோ எடுத்து ஒட்டிய மாதிரி,
நைலக்ஸ் புடவையில் ஒருத்தி.
கால்கள் வரப்பைத் தொடவில்லை.
‘வயக்காட்டு மெட்டுகள். பாடியவர் புளியந்தோப்பு நாகபூஷணம்.
1983. விலை ரூ. 22.’

நாடா ஓரிடத்தில் அறுந்திருந்தது.
பிளேடால் சாய்வாக வெட்டி, செல்லோடேப் துணுக்கு ஒட்டி,
பென்சிலை விட்டுச் சுற்றினேன்.
எடை போடுகிற பையன் சிரித்தான்.

ஏ பக்கம் முழுக்க ஏற்றம், நாற்று, ஆத்தங்கரை.
யாரோ எழுதிக்கொடுத்ததை
மின்கட்டண ரசீது வாசிப்பதுபோல் பாடியிருந்தாள்.
அந்த வருஷங்களில் அதைத்தான் கேட்டார்கள்.
ரேடியோவுக்கு, கல்லூரி மேடைக்கு, கண்காட்சிப் பந்தலுக்கு
கிராமத்துப் பாட்டு லாரி லாரியாக வந்து இறங்கியது.
இவளிடமும் கேட்டிருப்பார்கள்:
‘உங்க சொந்த ஊரு?’
‘இதான்’ என்றிருப்பாள்.
‘அது சரிம்மா, அதுக்கு முன்னாடி?’
வயல் படத்தை அப்போதுதான் தேடியிருப்பார்கள்.

பி பக்கத்தில் இரண்டு பாட்டும் அதே.
மூன்றாவதில் தபேலா எடுக்கவில்லை.
யாரோ இருமுகிறார்கள், நாற்காலி இழுபடுகிறது.
காசு வாங்கிக்கொண்டு வாத்தியக்காரர்கள்
கிளம்பிக்கொண்டிருந்தார்களோ என்னவோ.
மேசையைத் தட்டியபடி,
விரலில் மோதிரம் இருக்க வேண்டும், ஒரு ‘ணங்’ கேட்கிறது,
யாரையும் கேட்காமல் தொடங்குகிறாள்.

‘கேட்டு மூடிக் கெடக்குதடா, கூட்ஸு வண்டி நகரல
காய்ச்சல் கண்ட புள்ள இந்தாண்ட
கம்பவுண்டரு அந்தாண்ட.’

அவ்வளவுதான் பாட்டு. அதற்கப்புறம் எண்ணுகிறாள்.
ஒண்ணு நிலக்கரி, ரெண்டு நிலக்கரி,
மூணு உரம், நாலு காலி.
ஒவ்வொரு பத்துக்கும் மூச்சு ஒரு படி இறங்குகிறது.
இருபத்தேழில் பிள்ளையின் பெயரைச் சொல்கிறாள்.
மூன்று முறை ஓட்டிக் கேட்டேன், பெயர் பிடிபடவில்லை.
சரியாக அங்கேதான் என் செல்லோடேப்.
நாற்பதுக்கு மேல் சொற்களே இல்லை,
எண்கள் மட்டும்.
ஐம்பத்தெட்டில் நாடா முடிகிறது.
பிள்ளைக்கு என்ன ஆயிற்று?

மறுநாள் கேட்டில் நின்றபோது
நானும் எண்ணிப் பார்த்தேன்.
நாற்பத்திமூன்றுக்கு மேல் விட்டுவிட்டேன்.
மீன்கூடைக்காரி ஒருத்தி
குறுக்குக் கம்பிக்கு அடியில் குனிந்து போனாள்,
அவளைப் பார்த்ததில் கணக்குப் போச்சு.

உறையின் உள்மடிப்பில், பேனாவால்,
‘கச்சேரிக்கு’ என்று எழுதி
ஆறு இலக்க எண் ஒன்று.
இத்தனை வருஷத்தில் ஊரெல்லாம் எண் மாறிவிட்டது.
முன்னால் ஒரு இரண்டும் ஐந்தும் சேர்த்து
சும்மா அழுத்தினேன்.
மணி போனது. எடுத்தார்கள்.

‘நாகபூஷணம் அம்மா இருக்காங்களா?’
‘யாரு? இது தண்ணி கேன் சார்.’
வைக்க மனசில்லாமல் நின்றேன்.
அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம்,
பிளாஸ்டிக்கை உருட்டும் சத்தம்.
‘எத்தினி கேன்?’
‘ரெண்டு’ என்றேன்.
‘எங்க? கேட்டுக்கு அந்தாண்டயா, இந்தாண்டயா?’
‘இந்தாண்ட.’
‘அப்ப லேட் ஆவும் சார்,
கேட்டு போட்டுட்டான்.’