பட்டை மரப்பு

பெருஞ்சாணிக்கு மேலே முந்நூற்றிருபது மரம் என் பொறுப்பு.
நாலு மணிக்குத் தலைவிளக்கு கட்டி ஏறினால்
ஏழரைக்குள் வெட்டி முடிப்பேன்,
போன மாசி வரைக்கும்.

பிறகு அது பத்தானது.
வெயில் ஏறினால் பால் வடியாது,
சிரட்டையில் கால்வாசி.
ரைட்டர் எடை போட்டு எழுதுவார், ஒன்றும் சொல்ல மாட்டார்.
பேனாவை மூடும் சத்தத்தில் எல்லாம் இருக்கும்.

வீட்டில் சொன்னார்கள்.
"ஒனக்கு உறக்கம் கூடிப்போச்சு."
"தின்னு தின்னு ஊதிட்டா."
தின்னவில்லை. பசியே இல்லை.
சித்திரை வெக்கையில் நான் மட்டும்
கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கிடந்தேன்.
சீப்பில் முடி, தலையணையில் முடி,
கஞ்சியில் ஒன்று கிடந்ததற்குச்
செல்வின் கிண்ணத்தைத் தள்ளிவைத்தான்.
தீட்டு வந்தால் பதினைந்து நாள்.
ஞாயிறு ஆராதனையில் என் குரல்
கரகரத்துக் கீழே இறங்கியது.
பக்கத்தில் நின்ற ஜெபக்கனி
பாட்டுப் புத்தகத்தை மெல்லத் தன் பக்கம் நகர்த்தினாள்.

குலசேகரம் லேபில் ஒரு சின்னக் குழாய் ரத்தம்.
நாலைந்துக்குள் நிற்க வேண்டிய எண்
நாற்பத்தெட்டு.
கூடினால் நல்லதுதானே என்று கேட்டேன்.
டாக்டர் சிரிக்கவில்லை.
"சுரக்கச் சொல்லி மேலேயிருந்து போடுற சத்தம்தான் இந்த எண்ணு.
கீழே வேலை செய்யறவ தளர்ந்துட்டா,
அதான் சத்தம் கூடுது.
உடம்புக்குக் காவல் நிக்கிறதே
ஆள் தெரியாம அவளைக் கடிக்குது."
காகிதத்தில் ஒரு பட்டாம்பூச்சி வரைந்து
கழுத்தில் இங்கே இருக்கு என்றாள்.

எனக்குப் பூச்சி தெரியவில்லை.
இருநூற்றுப் பதினாலாம் மரம் தெரிந்தது.
இலை பச்சை, தண்டு நேர்,
கத்தி வைத்தால் ஒரு சொட்டு இல்லை.
பட்டை மரப்பு.
ரைட்டர் அதற்கு மஞ்சள் வளையம் பூசி
ஒரு வருஷம் யாரும் தொடக்கூடாது என்றார்.
மரத்தைப் பார்த்து
ஒருவரும் சோம்பேறி என்று சொல்லவில்லை.

ஐம்பது எழுதினாள். ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம்,
பிறகு எழுபத்தைந்து.
இந்தக் கணக்கு எனக்குப் புரியும்:
கத்தி ஒரு நூல் ஆழம் கூடினால் மரம் புண்ணாகும்,
ஒரு நூல் குறைந்தால் பால் இல்லை.

"மரச்சீனி தொடாதே" என்றது தெரு முழுக்க.
டாக்டரிடமே கேட்டேன்.
"நல்லா வேவிச்சு, தண்ணியை ஊத்திட்டுத் தின்னுங்க,
மீனும் கூட்டிக்குங்க.
மாத்திரையை மட்டும் விடாதீங்க."
அன்று ராத்திரி சாளைக் கறியும் கிழங்கும்
இரண்டு தட்டு.

குளச்சலில் என் நாத்தனார் பெல்சிட்டாவுக்கு இதே பூச்சி,
ஆனால் வெறிபிடித்துப் பறக்கிறது.
பங்குனியில் பார்த்தேன், பாதி ஆளாகியிருந்தாள்.
மீன் துண்டு போடும் கை நடுங்குகிறது,
ஓடாமலே நெஞ்சு ஓடுகிறது,
ஃபேனுக்கு அடியிலும் வேர்வை.
அவளிடம் சொன்னார்கள்:
"ஒனக்கு மேனி வச்சுக்கத் தெரியல்ல."
கழுத்தைத் தொட்டுக்காட்டி
நாங்கள் இருவரும் சிரித்தோம்.
சிரித்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது.
மறுநாளே ரத்தம் கொடுக்க அனுப்பினேன்.

இப்போது மூன்றேகாலுக்கு எழும்புகிறேன்.
வெறும் வயிற்றில் மாத்திரை, ஒரு டம்ளர் பச்சைத்தண்ணி.
கட்டன்சாயா நாலரைக்கு,
இருபதாம் மரத்தடியில், ஃபிளாஸ்கிலிருந்து.
ஏழரைக்கு முடிகிறதா? இல்லை.
எட்டே முக்கால். ஆனால் பால் வடிகிறது.
செல்வின் சிரட்டை கவிழ்க்க வருகிறான் சில நாள்,
எதுவும் பேசாமல்.

நேற்று ராத்திரி முழுக்க மழை.
மழையென்றால் வெட்டு இல்லை,
தோட்டமே உறங்கும்.
மூன்றேகாலுக்கு அலாரம் அடித்தது.
இருட்டில் தடவி டப்பாவைத் திறந்தேன்.
மாத்திரைக்கு மழை இல்லை.