ஒற்றை மேஸ்

நோர்வேயின் மேல்முனையில் மீன் வெட்டும் என் தம்பி
லீவு நாட்களில் இப்போது பனிக்கோழி சுடப் போகிறான்.
போன மாதம் அவனிடமிருந்து ஒரு பெட்டி.
சொக்லேட், கோடாலித் தைலம், பிள்ளைகளுக்குப் பென்சில்,
அடியில் ஒரு சோடி கம்பளி மேஸ்,
முழங்கால் மட்டும் இழுக்கலாம்.
ஆட்டு வாசம் இன்னும் போகவில்லை.

குரல் அனுப்பியிருந்தான்:
"அக்கா, உள்ளுக்கு மெல்லிசா ஒண்டு, அதுக்கு மேல இது.
பருத்தி வேண்டாம். நனைஞ்ச பருத்தி கள்ளன்,
இருக்கிற சூட்டையும் களவெடுக்கும்.
சப்பாத்தை இறுக்கிக் கட்டாத.
விரல் அசைய இடம் விடு.
சூடு எண்டது வேற ஒண்டுமில்லை,
விரலுக்கும் துணிக்கும் நடுவில நிக்கிற காத்துத்தான்."
அவனுக்குப் பின்னால் காற்று இரைந்தது,
ஒரு நாய் யாரையோ கூப்பிட்டது.

பாசையூர்க் கடலை மறந்துபோனான்.
சப்பாத்தோடு இறங்கினவன்
பத்தாம் அடியில் அதைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு
வெறுங்காலோடு வருவான்.
எங்களுக்குக் கால்தான் காது.
சாதாளைக்குள் நண்டு புதைகிற சின்ன அசைவு,
திருக்கை படுத்திருக்கும் வழுவழுப்பு,
உடைந்த போத்தல்,
எல்லாம் உள்ளங்கால் கேட்டுச் சொல்லும்.
சப்பாத்துப் போட்ட கால் செவிடு.

ஆகவே மேஸ் தண்ணீருக்கு வருவதில்லை.
ஷொப்பிங் பையில் இரண்டு முடிச்சு,
பை பால்மா ரின்னுக்குள்,
ரின் கவிழ்த்த வள்ளத்துக்குக் கீழே.
வேட்டை முடியும்வரை அது கரையில் காத்திருக்கும்,
அடுப்பில் மூடிவைத்த சோறுபோல.

மார்கழி. வாடை.
எனக்கு முன்னால் கபிரியேல்.
கடலுக்கு ஒரு கால், கோயிலுக்கு ஒரு கால் வைத்திருக்கிறவன்.
கடல் கால் பழசு, ரப்பர்ப் பாதத்தில் பெருவிரல் தேய்ந்துவிட்டது.
எப்போதும் இடதைத்தான் முன்னுக்கு வைப்பான்.
"திருக்கை குத்தட்டும். முள்ளுத்தான் முறியும்."
தலைவிளக்கின் வட்டத்துக்குள்
இரண்டு பொறி மினுங்கி நின்றது.
மண்டா இறங்கியது.
தண்ணீர் ஒருமுறை கலங்கித் தெளிந்தது.
களங்கண்டித் தடிகள் வரைக்கும் போய்த் திரும்பினோம்,
பதினொன்று.
சினை கிடந்த ஒன்றை விட்டோம்,
அது போகாமல் கொஞ்சநேரம் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கரை.
என் விரல்கள் ஊறின உளுந்து.
பழைய சேட்டால் ஒவ்வோர் இடுக்காய்த் துடைத்தேன்,
துடைக்காத இடுக்கில் நாளைக்குச் சேற்றுப்புண்.
அவன் வாரைத் தளர்த்திக் காலைக் கழற்றி
தலைகீழாய்ப் பிடித்தான்.
ஒரு கோப்பைக் கடல் வழிந்தது,
கடைசியில் ஓர் இறால் குஞ்சும்.
"இதையும் எண்ணுங்கோ, பன்னிரண்டு"
என்று அவன் சொல்ல, சிரித்துச் சிரித்து
எனக்கு இருமல் வந்துவிட்டது.

ரின்னைத் திறந்தேன்.
ஒரு மேஸை அவனிடம் நீட்டினேன்.
நல்ல காலுக்குப் போடுவான் என்றுதான் நினைத்தேன்.
அவன் அதை இடப்பக்கம்,
முழங்காலுக்கு ஒரு சாண் கீழே
கால் முடிகிற இடத்தில் இழுத்தான்.
"இஞ்சதான் அக்கா புண் வாறது.
நனைஞ்ச தோலைக் கிண்ணம் உரஞ்சிப்போடும்."

மிச்ச மேஸ் வெறுமனே தொங்கியது,
குதியும் விரலும் இல்லாமல்.
என் சட்டையில் ஒரு ஊசி இருந்தது.
மடித்துக் குத்திவிடட்டோ என்றேன்.
"வேண்டாம்" என்றான்.
"இண்டைக்கு அந்தச் சின்னவிரல் சரியாக் குளிருது.
அசைய இடம் இருக்கட்டும்."

தம்பியின் குரலை நான் அவனுக்குப் போட்டுக் காட்டியதே இல்லை.

மற்றதை என் வலது காலில் ஏற்றினேன்.
இடதை அதற்குக் கீழே செருகிக்கொண்டேன்.
வாளிக்குள் நண்டுகள் ஒன்றையொன்று கீறிக்கொண்டிருந்தன.
ஏலக்காரன் வர ஐந்து மணி ஆகும்.