அட்மிஷன்

நாளைக் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.
அப்பா மத்தியானமே சட்டையைத் தேய்த்துவிட்டார்.
ஆபரேஷனுக்கு அதைக் கழற்றிவிடுவார்கள் என்றேன்.
"களத்துறதுக்கு முன்னால ஒரு மனுசன் நல்லா உடுத்து நின்னாம்னு
அவனுவளுக்குத் தெரியண்டாமா?"

பையில் நான் வைத்தது
ரெண்டு சாரம், மூணு தோர்த்து, பிரஷர் மாத்திரை,
ஸ்கேன், ஆதார் நகல் நாலு.
அப்பா வைத்தது
டார்ச், மெழுகுவர்த்தி, இன்சுலேஷன் டேப் ஒரு சுருள்,
பேப்பரில் பொதிந்த ஒரு சீப்பு மட்டிப்பழம்,
முப்பத்தோரு வருசம் சட்டைப்பையில் கிடந்து
பிடி மஞ்சளித்துப்போன டெஸ்டர்.

டெஸ்டரை எடுத்து மேசையில் வைத்தேன்.
கொஞ்ச நேரத்தில் அது பைக்குள் இருந்தது.
மறுபடி எடுத்தேன்.
மூன்றாவது தடவை
ஸ்கேன் படத்தின் உறைக்குள்ளிருந்து விழுந்தது.
"நாகர்கோயில்ல உள்ள ஆஸ்பத்திரிக்கு நீங்க போயா கரண்டு குடுக்கணும்?"
"கரண்டு வரும். எர்த்து இருக்கான்னு ஆரு பாத்தா?"

அழகியமண்டபத்திலிருந்து கார் கிளம்பியது.
வில்லுக்குறி தாண்டும்வரை
எந்தப் போஸ்ட்டில் எந்த மழையில் ஏறினார் என்பது,
எந்த வீட்டில் கட்டஞ்சாயா தந்தார்கள்,
எந்த வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள் என்பது.
நாய் வீட்டின் முன்னால்
டிரைவரை மெதுவாகப் போகச் சொன்னார்.
நாய் செத்து இருபது வருசமாகியிருக்கும்.

கவுண்டரில், பெயர்.
"நேசையன். ஈ.பி. லைன்மேன், ரிட்டயர்டு."
வயசு?
"ஆதார்ல எழுபத்தொண்ணு. அது பள்ளிக்கூடத்துல இட்ட வயசு.
ஞானஸ்நானப் புஸ்தகத்துல எழுபத்திநாலு.
மயக்க மருந்து எந்தக் கணக்குலயாக்கும் குடுப்பிய?"
குடிப்பழக்கம் உண்டா?
அப்பா என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.
"கிறிஸ்மசுக்கு" என்றார்.
வருசத்துக்கு எத்தனை கிறிஸ்மஸ் என்று
அந்த சிஸ்டர் கேட்கவில்லை.

பதினாலாம் நம்பர் கட்டில்.
தலைமாட்டு சாக்கெட்டில் டெஸ்டரை விட்டார்.
"பாத்தியா? பேஸையும் நியூட்ரலையும் மாத்திக் குடுத்திருக்கான்."
அதைச் சரியாக்காமல் படுக்கமாட்டேன் என்று
கட்டில் விளிம்பில், தேய்த்த சட்டையோடு
ஒரு மணி நேரம் இருந்தார்.
ஆஸ்பத்திரி எலக்ட்ரீசியன் வந்தான், சின்னப் பையன்.
கழற்றினான். பார்த்தான். தலையைச் சொறிந்தான்.
"அப்பச்சன் சொன்னது சரியாக்கும்."

ஆறு மாசத்தில் முதல்முறையாக
அன்றைக்குச் சாயங்காலம்தான் பிரஷர் ஒழுங்காக இருந்தது.
பக்கத்துக் கட்டில்காரர்கள்
சார்ஜ் ஏறாத போன்களோடு வரத் தொடங்கினார்கள்.
அம்மா அரைமணிக்கொரு தடவை வீட்டிலிருந்து கூப்பிட்டாள்.
"அந்த மனுசன் சும்மா கெடக்காரா?"

ராத்திரி பத்துக்குமேல் பச்சை வெள்ளமும் குடிக்கக்கூடாது.
மட்டிப்பழம் மட்டும் பைக்குள்ளிருந்து மணத்துக்கொண்டிருந்தது.
"கரண்டு போச்சுன்னா?" என்றார், சுவரைப் பார்த்து.
"ஜெனரேட்டர் இருக்குப்பா."
"பாத்தேன். டீசல் பாதிதான் கெடக்கு."

எப்போது போய்ப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.
போர்வையை இழுத்துவிட்டேன்.
அதை அவர் இறக்கிவிட்டார்.
மறுபடி இழுத்தேன். விட்டுவிட்டார்.

காலையில், தியேட்டர் வாசலில்,
மோதிரத்தை உருவித் தந்தார். பல்செட்டைத் தந்தார்.
சட்டையில்லாமல், பல்லில்லாமல்,
பச்சை அங்கிக்குள் சின்னதாகக் கிடந்தவர்
கடைசியாகக் கையைத் திறந்தார்.
"பல்லு போனா வேற கெட்டலாம். இதப் பத்திரமா வச்சுக்க, ஷீபா."
பல்லில்லாத வாயில் என் பெயர் வேறு யாருடையதோ போல இருந்தது.

கதவு சாத்தியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

ஒரு மணி நேரம். ஒன்றரை.
நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கெட்.
டெஸ்டரை விட்டேன். எரியவில்லை.
அழுத்தினேன். எரியவில்லை.
அப்புறம் நினைவு வந்தது,
மறுமுனையில் விரல் வைக்கவேண்டும்,
பிடித்திருக்கிறவர் வழியாகவும் போனால்தான் அது எரியும்.
வைத்தேன்.
ஒரு அரிசியளவு செம்மஞ்சள்.

"எக்கா, அதுல என்ன செய்யிதிய?" வாச்மேன் ஓடிவந்தார்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.
"இருக்கான்னு பாத்தேன்."