பழைய எண், புதிய எண்

ஒத்தக்கடையில், ஹைகோர்ட் கிளைக்குப் போகும் வழியில்
பக்கத்துக்கு ரெண்டு ரூபாய் என் கடை.
குமாஸ்தாக்கள் சாப்பிடப் போயிருந்த நேரம்,
உசிலம்பட்டியிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்த ஒச்சம்மா
போனை நீட்டினார்:
"இதைப் பூராவும் அடிச்சுக் குடுங்க. ஏழு செட்டு."

கிர்கிஸ் நாட்டின் அரசியல் சட்டம்.
முன்பாதி அவர்கள் எழுத்து. அதில் ஒன்று
மல்லாந்து விழுந்த வண்டாய் ஆறு கால் விரித்துக் கிடந்தது.
தலை எது, வால் எது?
முதல் செட்டுக்குத் தலைகீழாய்ச் சுருள்கம்பி கோத்துவிட்டேன்.
"கவுந்து கெடந்தாலும் சட்டம் சட்டந்தானே" என்றார்.
கேள்வியா, கேலியா, பிடிபடவில்லை.

மகள் ஹேமஸ்ரீ அங்கே டாக்டருக்குப் படிக்கிறாள்.
மூன்றாம் வருடக் கட்டணம் பாக்கி,
பாஸ்போர்ட் ஏஜெண்ட் மேசையின் பூட்டிய இழுப்பறையில்.
இங்கிலீஷில் ஒரு வரிக்கு மட்டும் மஞ்சள் பூசி அனுப்பியிருந்தாள்:
நாட்டைவிட்டுத் தடையின்றி வெளியே போக
எல்லோருக்கும் உரிமை உண்டு.
குடிமக்களுக்கு என்று இல்லை. எல்லோருக்கும்.

என் மிஷினுக்குக் கறுப்பு மட்டும்தான் தெரியும்.
மஞ்சள் அழுக்குச் சாம்பலாய் வந்தது.
பேனா வாங்கி
ஏழு செட்டிலும் அவரே கோடு போட்டார்,
ஆறாவதில் கை நடுங்கிக்
கோடு அடுத்த உரிமைக்குள் போய்விட்டது.

அப்போதுதான் போன் கிணுங்கியது.
"அம்மா, அது பழசாம். ஓட்டுப் போட்டுப்
புதுச் சட்டம் கொண்டாந்துட்டாங்களாம். இந்தா, இதப் பாரு."

செல்லூரில் எங்கள் வீட்டுக்கும் இதே கூத்துதான் என்றேன்:
பழைய எண் ஐம்பத்தெட்டு, புதிய எண் நூற்றிரண்டு,
நடுவில் எத்தனையோ கடிதாசி காணாமல் போயிற்று.
அவர் சிரிக்கவில்லை.

புதியதில் தேடினேன். பக்கங்கள் தள்ளி,
வேறு எண்ணுக்குக் கீழே அந்த வரி.
என் விரலை அவர் நம்பவில்லை.
பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்து
தெரியாத எழுத்துகளை ஒவ்வொன்றாய்
நகத்தால் தொட்டு நகர்ந்தார்,
பத்திரத்தில் கையெழுத்து ஒத்துப் பார்ப்பதுபோல.
கரண்ட் போனது. போன் வெளிச்சத்தில் தொடர்ந்தார்.
"ரெண்டு வார்த்தை மாறியிருக்கு," என்றார் கடைசியில்.
"ஆனா இருக்கு."

பழசுக்குக் காசு வேண்டாம் என்றேன்.
"அடிச்சது அடிச்சதுதானே," எண்ணி வைத்தார்.
"அதையும் சேத்துக் கட்டுங்க.
எந்த நம்பரச் சொன்னாக்
கதவத் தெறப்பாய்ங்கன்னு யாரு கண்டா?"