ஏழும் எட்டும்

முகப்பை நம்பிப் பெயர் சொல்லக் கூடாது.
நான்கு இழுப்பறைகளையும் உருவி
கம்பளத்தில் கவிழ்த்துப் போட்டேன்.
கோரா பின்னி காப்பி ஊற்றியபடி கேட்டாள்:
"லெமுவல் ஸ்டாக்கர் செய்ததுதானே?
அப்பா சாகும்வரை அப்படித்தான் சொன்னார்."

வெர்மான்ட். மார்ச். வாசலில் முழங்கால் சேறு.
ஸ்டாக்கர் என்றால் இந்த வீட்டுக்குக் கூரை வரும்.
இல்லையென்றால்
மாடியில் மூன்று வாளிகள்
இன்னொரு பனிக்காலத்துக்கும் அங்கேயே.

வெளியே செர்ரி, உள்ளே பைன்.
பித்தளைப் பிடிகள் பிற்பாடு வந்தவை:
பழைய துளைகள் இருக்கின்றன,
தோடு போடாமல் தூர்ந்த காது போல.
மூலைக்கு ஐந்து புறாவால் பொருத்து.
ஸ்டாக்கர் நான்குக்கு மேல் அறுத்து நான் பார்த்ததில்லை.
இங்கே ஐந்தாவது ஒவ்வொரு மூலையிலும் ஒடுங்கியிருக்கிறது,
தேவாலய பெஞ்சில் தாமதமாக வந்து
ஓரத்தில் ஒட்டிக்கொண்டவன் மாதிரி.

மூன்றாம் இழுப்பறையின் அடியில்
பென்சிலில் ஒரு பலகைக் கணக்கு.
ஏழும் எட்டும் பதினாறு.
விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன்.
பதினாறேதான்.

இந்தப் பிழையை எனக்கு முன்பே தெரியும்.
ஊர் அலுவலகத்து நிலவறையில்,
ஆயிரத்து எண்ணூற்றுப் பதினொன்றின் ரசீதுக் கட்டில்:
பள்ளிக்குப் பெஞ்சுகள், ஏழு டாலர்.
காய்ச்சலில் போன ஏழைகளுக்குச் சவப்பெட்டி நான்கு, எட்டு டாலர்.
ஆகமொத்தம் பதினாறு.
இப்படிக்கு, ஏபியல் ட்வைனிங்.

எழுத்தர் அதைச் சிவப்பு மையால் அடித்து
ஓரத்தில் ஒரு சொல் எழுதியிருந்தார்: எத்தன்.
அதற்கப்புறம் ஊர் வேலையெல்லாம்
ஸ்டாக்கர் பட்டறைக்குப் போயிற்று.

இழுப்பறையின் அடியில் யாரை ஏய்க்க முடியும், ஏபியல்?
சுவரைப் பார்த்துக் கிடக்கும் பலகையில்
தனக்குத்தானே போட்ட கணக்கு.
உனக்குக் கூட்டல் வராது, அவ்வளவுதான்.
செர்ரிப் பலகை வாங்கிய ஒவ்வொரு முறையும்
ஒரு டாலர் கூடவே கொடுத்திருப்பாய்.

இதையெல்லாம் கோராவிடம் சொன்னேன்.
வாளியில் ஒரு சொட்டு விழுந்தது, இன்னொன்று.
"அப்ப எவ்வளவு பெறும்?"
"யாருக்கும் தெரியாத பெயர். ஆயிரத்து ஐந்நூறு."
கோப்பையைக் கீழே வைத்தாள்.
"அறுநூறு என்று போடு," என்றாள்.
"அவன் கணக்குப்படி."

இழுப்பறைகளை அவளே திரும்பச் சொருகினாள்.
மூன்றாவது பாதியில் நின்றது.
பார்க்காமலே இடுப்பால் ஒரு இடி.
போயிற்று.