நீடாமங்கலம் கேட்

கிளிப் ஏழு. முழுசாக வந்தது நாலு.
தொண்ணூற்றொன்றாம் வருஷத்துக் கான்டெஸா.
முப்பது சித்திரை வெயில் குடித்த டேஷ்போர்டு,
தொட்டால் அப்பளம்.

"அவசரப்படாதே, முதலில் காயப் போடு"
என்றான் கூத்தாநல்லூர் ஜபருல்லா.
நெல் கொட்டியிருந்த தார்ச்சாலை ஓரம்
கண்ணாடி ஏற்றி ஒரு மணி நேரம் போட்டோம்.
பிளாஸ்டிக் இளகியதும்
துணி சுற்றிய கரண்டிக் காம்பால்
ஓரத்தை நெம்பினேன், மூச்சைப் பிடித்து.

டக்.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

உள்ளே உமி.
யாருடையதோ ஒரு மூக்குத்தித் திருகாணி.
எங்கும் போய்ச் சேராத பச்சை ஒயர்.
ஆயிலுக்கென்று ஒரு சிவப்பு விளக்கு உண்டு,
ஒருநாளும் எரிந்ததில்லை,
நல்ல வண்டி என்று நினைத்திருந்தேன்.
அந்தக் குழியில் பல்பே இல்லை.

ஜோகூரிலிருந்து அவன் அண்ணன் கொண்டுவந்த
இரண்டு மீட்டர்களைப் பொருத்தினோம்:
ஒன்று ஆயில், ஒன்று சூடு.
உடைந்த பக்கத்துக்கு டேப்.
பள்ளத்தில் இறங்கினால் அது தனியாகப் பேசும்.

முன்பெல்லாம் இந்த கேட்டில்
சுண்டல் தின்றுகொண்டிருப்பேன்.
பானெட்டில் ஆவி கிளம்பினால்தான் இறங்குவேன்.

இன்று
அரிசி வேகன் நாற்பத்திரண்டு என்று
பின்சீட்டில் எண்ணி முடித்தாள் மகள்.
நான் ரயிலையே பார்க்கவில்லை.
எண்பத்தெட்டு.
தொண்ணூறு.
சுண்டல்காரர் கண்ணாடியைத் தட்டுகிறார்.
தொண்ணூற்றுமூன்று.
எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு ரயில் வருகிறதாம்.